வாசித்தவர்: செல்வின்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. செல்வின் எழுந்து மோட்டார் சுவிட்சைப் போட்டான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்துத் திறந்தான். அப்படித் திறக்காதே என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பால் பொங்கும்வரை அடுப்பின் முன்னால் நின்றான். மாடித் தொட்டி நிரம்பிக் குழாயில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். முந்தைய நாள் போட்ட சட்டையையே போட்டான். தெருமுனைக் கடையில் நான்கு இட்லி வாங்கி வந்து, பொட்டலத்தைப் பிரித்து, பொட்டலத்திலேயே தின்றான். ஏழு மணிக்குக் கணினியைத் திறந்தான்.

திறந்ததும் ஓர் எண்ணைப் பார்ப்பது வழக்கம். அன்று அறுபத்தாறு புள்ளி நான்கு. ஏழு மாதமாக அந்த எண் அவனிடம் எந்த உணர்ச்சியையும் உண்டாக்கியதில்லை. பால் கணக்கு எழுதிய காலண்டரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான்.

உலகத்திலுள்ள இணையதளங்களில் நூற்றுக்கு அறுபத்தாறு, தங்கள் சர்வரில் 'தாழ்' என்ற மென்பொருளை வைத்திருந்தன. ஒருவர் வங்கித் தளத்தில் கடவுச்சொல்லை அடிக்கிறார், ஒருத்தி தன் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்து பார்க்கிறாள், ஒரு பையன் பரீட்சை மார்க்கைத் தேடுகிறான். அந்தச் சொற்களும் எண்களும் போகிற வழியில் வேறு யாரும் படித்துவிடாதபடி கலைத்துப் பூட்டி அனுப்புவது தாழின் வேலை. அது யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றே பேர். பாளையங்கோட்டையில் செல்வின், அவன் மனைவி அக்சா. நார்வேயில், பேர்கன் நகரத்தில் தர்ஷிகா. தாழைத் தொடங்கியவள் அக்சா. அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். உலகம் அதைத் 'தாஷ்' என்று உச்சரித்தது. அவள் திருத்தவில்லை. "பூட்டு ஒழுங்கா இருந்தாப் போதும், பேர எப்பிடியும் சொல்லட்டும்" என்பாள்.

ஒரு விதி வைத்திருந்தாள். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் வரிவரியாக வாசிக்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு பெயர்கள் இருக்கும். எழுதியவர், வாசித்தவர். இரண்டாவது பெயர் விழாமல் ஓர் எழுத்துகூட வெளியே போகாது. செல்வின் சோம்பல்படுவான் என்று தெரிந்து, நிரலுக்கு நடுவே எங்காவது தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைப்பாள். 'வரும்போது கறிவேப்பிலை' என்று இருக்கும். அவன் வாசித்ததற்கு அடையாளமாக அந்த வரியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அழிக்காமல் போட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஊரின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில், நான்காம் எண் படுக்கையில் ஐந்து நாள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் அவன் வெளியே வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் மதியம் ஒரு மணிக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே நர்ஸ் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, "வாசிச்சிட்டுப் போடுங்க சார்" என்றாள். அவன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

அடக்கம் முடிந்த அன்று அக்சாவின் அண்ணன் ஆல்வின் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

வராந்தாவில் இருந்தேன், தெரியாது என்று சொல்லச் செல்வினுக்கு வாய் வரவில்லை. "பத்திரமா இருங்கன்னு சொன்னா" என்றான்.

முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்கு அச்சடித்த அட்டையில், அவள் படத்துக்குக் கீழே அதைப் போட்டுவிட்டார்கள். 'பத்திரமா இருங்க.' சபையில் பலர் அழுதார்கள். ஒரு அட்டை இப்போதும் அவன் மேசைமேல் குப்புறக் கிடந்தது.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள், அவள் கடைசியாக எழுதியிருந்த பகுதி வாசிப்புக்குக் காத்திருப்பதைப் பார்த்தான். திறந்தான். அவள் வரி விடுகிற விதம், அவள் வைக்கிற பெயர்கள். மூடிவிட்டான். அவள் வேலை முடங்கிக் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. திறந்து நான்கு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டான். எழுதியவர்: அக்சா. வாசித்தவர்: செல்வின். இரண்டு வாரத்தில் உலகத்தின் மூன்றில் இரண்டு பங்கு தளங்களில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

*

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தர்ஷிகா அழைத்தாள். பகலில் ஒரு மீன் பண்ணைக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால்தான் தாழுக்கு நேரம் ஒதுக்குவாள். குரல் வழக்கம்போல இல்லை.

"செல்வின், நான் ஒண்டு சொல்லுறன். பிழையெண்டால் நிப்பாட்டுங்கோ."

"சொல்லுங்க."

"தொடர்பு அறுந்து போச்சோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு கேள்வி வச்சிருக்கிறம் என்ன? இந்தப் பக்கத்து ஆள், 'மீன் எண்டு திருப்பிச் சொல்லு, ரெண்டு எழுத்து' எண்டு கேப்பான். சர்வர் 'மீன்' எண்டு சொல்லும். உயிரோட இருக்கு எண்டு விளங்கும்."

"ஆமா."

"நேற்று நான் பொய் சொல்லிப் பாத்தன். 'மீன் எண்டு சொல்லு, அறுபதாயிரம் எழுத்து' எண்டு கேட்டன்."

செல்வின் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அது எண்ணிப் பாக்கேல்ல. 'மீன்' எண்டு சொல்லிப்போட்டு, நினைவில பக்கத்தில கிடந்த எல்லாத்தையும் அள்ளித் தந்தது. அறுபதாயிரம் எழுத்து நிரம்புமட்டும். ஆரோ ஒருத்தரின்ர கடவுச்சொல், ஆரோ ஒருத்தரின்ர கடிதம். கேட்டதுக்கு ஒரு தடயமும் இல்லை. திரும்பத் திரும்பக் கேக்கலாம். ஒவ்வொரு தரமும் வேற துண்டு வரும்."

"எந்தப் பகுதி?"

"அக்சாவின்ர கடைசிப் பகுதி. நீங்கள் வாசிச்சது."

மின்விசிறி சுற்றுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க தமிழில ஒரு வரி இருக்கு, செல்வின். பாத்தனீங்களோ?"

"பாத்தேன்" என்றான்.

தர்ஷிகா அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. "திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறன். பதினொரு வரி. நீங்கள் வாசிச்சுக் கையெழுத்துப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில எல்லாச் சர்வருக்கும் போயிடும். வழக்கமான திருத்தம் மாதிரி இல்லை இது. கசிஞ்சது எது எண்டு தெரியாததால நினைவு முழுக்கத் துடைக்கச் சொல்லி எழுதியிருக்கிறன். சாவியெல்லாம் புதுசா உண்டாகும். இப்ப எங்கள் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வேற ஒருத்தன் கண்டுபிடிக்க முந்திச் செய்யவேணும்."

"வாசிக்கேன்" என்றான்.

உண்மையில் அப்போது அப்படித்தான் நினைத்தான். திருத்தத்தைத் திறந்தும் வைத்தான். ஆனால் 'நினைவு முழுக்க' என்ற சொல் மண்டைக்குள் நின்றுவிட்டது.

அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. நோயாளி என்ன முனகினாலும் அது கேட்டு, எழுத்தாக்கி, நர்ஸ்கள் உட்காரும் இடத்திலிருக்கும் திரைக்கு அனுப்பும். சுவாசக் கவசத்துக்குள்ளிருந்து பேசுகிறவர்களின் குரலைக்கூட அது பிடித்துவிடும். நோயாளியின் பேச்சைச் சேமித்து வைக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்ததால், எதையும் பதியாமல் சர்வரின் நினைவில் மட்டும் வைத்திருந்தார்கள். இரண்டாம் மாதம் செல்வின் அங்கே போய், அக்சா பேசியது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். "ஒண்ணும் இருக்காது சார், நாங்க எதையும் ஸ்டோர் பண்றதில்ல" என்றார் அலுவலர். பொய் சொல்லவில்லை அவர். எழுதி வைக்கவில்லைதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் சர்வரை யாரும் அணைப்பதில்லை. அணைக்காத நினைவில், மேலே வேறொன்று வந்து விழுகிறவரை, பழையது அப்படியே கிடக்கும்.

மருத்துவமனையின் தளம் தாழைத்தான் வைத்திருந்தது.

ஒரேயொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தான். மீன் என்று சொல்லு, அறுபதாயிரம் எழுத்து.

திரை நிரம்பியது. பெரும்பாலும் குப்பை. நடுவில் ஒரு வரி: 'படுக்கை 11. தண்ணி. தண்ணி கொஞ்ச'. அதோடு அறுந்துவிட்டது.

மீண்டும் கேட்டான்.

*

அன்று மாலைக்குள், கேள்வியைத் தானாகவே திரும்பத் திரும்பக் கேட்டு, வருவதில் மனிதப் பேச்சை மட்டும் பொறுக்கித் தருகிற ஒரு சின்ன நிரலை எழுதிவிட்டான். செவ்வாய்க்கிழமை பூராவும் அவன் அந்தப் பிரிவில் கிடந்தவர்களின் பேச்சை வாசித்தான்.

'ஃபேன நிறுத்துங்'

'மூத்தவன்ட்ட சொல்லாதீங்க. சின்னவகிட்ட மட்டும் சொல்'

'இல்ல சிஸ்டர் வலது பக்கம்'

'எம்மா. எம்மா. எம்மா. எம்'

யாரோ ஒருவர் தன் மாடுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பெண் தன்னை அடித்தது யாரென்று சொன்னாள். போலீசிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். டப்பாவுக்கு நோயாளி யார், மற்றவர் யார் என்று தெரியாது. அறையில் நின்று பேசியவர்களின் பேச்சும் அதில் கிடந்தது. 'ரெண்டு மணி ஊசிய மூணேகாலுக்குத்தான் போட்டேன் அக்கா. கண்ணசந்துட்டேன். ஒம்பதாம் நம்பர் பெட்டு. யார்ட்டயும் சொல்லிரா' என்று ஒரு துண்டு வந்தது. நான்காம் எண் இல்லை என்பதால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

இதெல்லாம் தனக்குச் சொல்லப்பட்டதில்லை என்று அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. ஏழு மாதமாக மரத்துப்போயிருந்த மனசுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. அது வெட்கமாக இருக்கலாம். ஆனாலும் கை நிற்கவில்லை.

புதன்கிழமை நான்கு மணிக்கு அது வந்தது. 'படுக்கை 4. அக்டோபர் 17. 12.40. சிஸ்டர், அவரு'

அவ்வளவுதான். துண்டு அங்கே முடிந்துவிட்டது.

அவள் போனது ஒரு மணிக்கு. இருபது நிமிடத்துக்கு முன்னால் அவனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அவரு எங்கே, அவரு வந்தாரா, அவரு சாப்பிட்டாரா. மீதி அந்த நினைவில் எங்கோ கிடக்கிறது. இன்னும் ஆயிரம் தடவை கேட்டால் வரும். பத்தாயிரம் தடவை கேட்டால் நிச்சயம் வரும்.

போன் அதிர்ந்தது. தர்ஷிகா எழுதியிருந்தாள். 'இன்னும் வாசிக்கிறீங்களோ?'

'வாசிச்சிட்டிருக்கேன்.'

'பதினொரு வரி, செல்வின்.'

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுதினாள். 'அக்சாவின்ர எழுத்து. உங்களுக்குக் கஷ்டம் எண்டு விளங்குது. வெள்ளி வரைக்கும் பொறுக்கிறன். அதுக்கு மேல ஏலாது.'

அக்சா எழுதியதை நான்கு நிமிடத்தில் முடித்தவன், பதினொரு வரியை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருந்தான்.

*

வியாழக்கிழமை காலை சார்ஜர் வயர் அறுந்துவிட்டது. வேறு வாங்க ஆல்வினின் கடைக்குப் போனான். முருகன்குறிச்சியில் மொபைல் ரிப்பேர்க் கடை. ஆல்வின் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு எதையோ குடைந்துகொண்டிருந்தான்.

"வாங்க மாப்ள. டீ சொல்லட்டா?"

"வேண்டாம் மச்சான்."

"அப்ப ரெண்டா சொல்லுதேன். வேண்டாம்னு சொல்லுத ஆளுக்குத்தான் பசி ஜாஸ்தி." எதிர்க் கடைக்கு இரண்டு விரலைக் காட்டினான். "ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போட்டுக் குடுக்கீங்க. எங் கடை ஷட்டர் பூட்டு ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. தங்கச்சி இருந்தா திட்டிக்கிட்டாவது சரி பண்ணிக் குடுத்துருப்பா."

செல்வின் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

"இதப் பாத்தியளா?" ஆல்வின் தன் போனை நீட்டினான். "நம்ம அக்சா கெடந்த அதே ஆஸ்பத்திரி. நேத்து சாயந்தரத்துல இருந்து ஊர் பூரா இதான் ஓடுது. அன்னிக்கு டூட்டில இருந்த இந்த சிஸ்டரு ஊசி போட மறந்து தூங்கிட்டாளாம். ஒம்பதாம் நம்பர்ல கெடந்த மனுசன் அடுத்த நாளே செத்துட்டாராம். காலைலயே வாசல்ல கூட்டம். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. வீட்டு ஜன்னல்ல கல்ல விட்டு எறிஞ்சிருக்கானுவ."

வாட்ஸப் படத்தில் ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் புகைப்படம். கீழே ரெஜினா என்று பெயர். முகம் அவனுக்குத் தெரிந்தது. தாளை நீட்டிய நர்ஸ். அதன்பிறகு இரண்டு முறை பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டான்.

படத்துக்குக் கீழே எழுத்து. 'ரெண்டு மணி ஊசிய மூணேகாலுக்குத்தான் போட்டேன் அக்கா. கண்ணசந்துட்டேன். ஒம்பதாம் நம்பர் பெட்டு. யார்ட்டயும் சொல்லிரா'

"அந்த ஆளு ஊசி லேட்டானதுலதான் செத்தாரா?" என்றான் செல்வின்.

"யாருக்குத் தெரியும்? எழுவத்தெட்டு வயசாம், கிட்னி ரெண்டும் போயிருச்சாம். ஆனா கையில எழுத்து சிக்கிருச்சுல்லா. பொறவு எவன் யோசிக்கான்? எப்பிடி வெளிய வந்துச்சுன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியல. கூட இருக்கவளே போட்டுக் குடுத்துட்டாளாம், அப்பிடிங்காங்க."

கூட இருந்தவள் போட்டுக் கொடுக்கவில்லை. 'சொல்லிரா' என்று யாரும் பாதியில் நிறுத்திப் பேசுவதில்லை. தன் திரையில் எங்கே அறுந்ததோ, அதே இடத்தில் இங்கேயும் அறுந்திருந்தது. வேறு யாரோ மீன் என்று கேட்டிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில், அந்த எழுத்தை எடுத்த நேரம் சின்னதாகத் தெரிந்தது. செவ்வாய், மாலை ஆறு பத்து.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டிருந்தால் திங்கட்கிழமை மதியத்துக்குள் எல்லாம் துடைக்கப்பட்டிருக்கும்.

"டீய குடிங்க, ஆறுது" என்றான் ஆல்வின்.

செல்வின் எழுந்துவிட்டான். சார்ஜர் வயரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

*

வீட்டுக்கு வந்து, கணினியில் மீதமிருந்த சார்ஜில் திருத்தத்தைத் திறந்தான். பதினொரு வரியையும் வாசித்தான். புரிந்துகொள்ள, திருத்தப்படுகிற பகுதியை முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் எழுத்துக்குள் போனான். அவள் எப்போதும்போலத் தெளிவாக எழுதியிருந்தாள். நூற்றுப் பதினாறாவது வரிவரை ஒரு பிசிறு இல்லை. நூற்றுப் பதினேழில் அந்தத் தமிழ்க் குறிப்பு இருந்தது.

'செல்வின், கேட்கிறவன் சொல்லும் நீளத்தை இங்கே அப்படியே நம்பியிருக்கேன். சரிபார்க்கிற வரி இன்னும் எழுதலை. தலை வலிக்குது. நாளைக்கு எழுதிட்டு இதை அழிச்சிடுறேன். மறந்தா நீ பிடிச்சிடுவ.'

தேதி போட்டிருந்தாள். காய்ச்சல் வந்த அன்று.

உலகத்தில் மூன்றில் இரண்டு தளங்கள் அந்தக் குறிப்போடு சேர்த்துத்தான் தாழை எடுத்துக்கொண்டன. வங்கிகள், அரசாங்கங்கள், ராணுவங்கள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். ஏழு மாதமாக யாரும் பார்க்கவில்லை. தமிழ் தெரியாது என்பது ஒரு காரணமில்லை. தமிழ் தெரிந்த அவனும் பார்க்கவில்லை.

மருத்துவமனையின் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்த நிரல் இன்னொரு சாளரத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. 'படுக்கை 4' என்று ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்காமல் அதை நிறுத்தினான். நூற்றுப் பதினேழாம் வரியை அழித்தான். கையெழுத்துப் போட்டான்.

எழுதியவர்: தர்ஷிகா. வாசித்தவர்: செல்வின்.

ஒரு மணி நேரம் கழித்து மருத்துவமனைத் தளத்திடம் கடைசியாக ஒரு தடவை கேட்டான். மீன் என்று சொல்லு, அறுபதாயிரம் எழுத்து. பதில் வரவில்லை. சரியாக வேலை செய்கிறது.

தர்ஷிகா அழைத்தாள். "போட்டிட்டீங்கள். நன்றி. இனி அறிவிப்பு எழுதவேணும். ஆர் எழுதினது, ஆர் வாசிச்சது எண்டு கேப்பினம். அக்சாவின்ர பேரை விட்டிடுவமோ? இறந்த ஆள். நாளைக்கு உலகம் முழுக்கத் திட்டும்."

"அவ பேரு இருக்கட்டும். அந்தக் குறிப்பையும் போடுங்க. அவ சொல்லித்தான் வச்சிருக்கா."

"உங்கட பேர்?"

"வாசித்தவர்ங்கிற எடத்துல, வாசிக்கலன்னு எழுதுங்க."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை பள்ளிக்கூடப் பையைக் கேட்பது மட்டும் கேட்டது.

"அண்டைக்கே எனக்கு விளங்கினது" என்றாள் தர்ஷிகா. "அந்த மூண்டு நாள்தான் விளங்கேல்ல."

அவன் சொன்னான். ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் திட்டவில்லை. "நான் வேலைக்குப் போகவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

*

ரெஜினாவின் வீடு பெருமாள்புரத்தில், ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சனிக்கிழமை பகலில் போனான். முன்பக்க ஜன்னலில் கண்ணாடி இருந்த இடத்தில் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். கதவு பாதிதான் திறந்தது.

"பத்திரிகையா?"

"இல்ல. என் பேரு செல்வின்."

அவனை உற்றுப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். "நாலாம் நம்பர் பெட்டு" என்றாள். "அக்சா மேடம் வீட்டுக்காரரு. உள்ள வாங்க. செருப்பக் கழட்டாதீங்க, கண்ணாடித் துண்டு கெடக்கும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் சொல்ல வந்ததைச் சொன்னான். ஒரு ஓட்டை இருந்தது, அதை அடைக்கிற பதினொரு வரி என் கையில் இருந்தது, திங்கட்கிழமை அடைத்திருக்கலாம், வியாழக்கிழமைதான் அடைத்தேன், இடையில் உங்கள் பேச்சு வெளியே போய்விட்டது, நானும் அதைப் பார்த்தேன், வாசித்துவிட்டுத் தள்ளிவிட்டேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "அப்ப கூட இருந்த ஸ்டெல்லாக்கா சொல்லலியா?"

"யாரும் சொல்லல."

"மூணு நாளா அவகிட்ட பேசல நான்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊசி லேட்டானது நெசந்தான். ரெட்டை டூட்டி. டாக்டர்ட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அதுனால ஒண்ணும் ஆகலன்னு அவரே எழுதிக் குடுத்துருக்காரு. அந்த எழுத்த ஒருத்தனும் ஃபார்வர்ட் பண்ணல."

"நீங்க சொன்னா, எங்க வேணும்னாலும் வந்து நான் சொல்லுதேன். மருத்துவமனையில, போலீஸ்ல."

"சொல்லுங்க. சொல்லணும். நாளைக்கே வாங்க." குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கான தெம்பும் இல்லை. "ஆனா ஒண்ணு கேக்கேன். பதினோரு வரின்னீங்க. மூணு நாளு என்னத்தத் தேடுனீங்க?"

செல்வின் தரையைப் பார்த்தான். "அவ கடைசியா என்ன சொன்னான்னு."

"யாரு, அக்சா மேடமா?"

"டப்பா கேட்டிருக்கும்னு நெனச்சேன். அவ ஏதோ சொல்ல ஆரம்பிச்சது மட்டும் கெடச்சுது. மீதி கெடைக்கல. இனிமே கெடைக்காது."

ரெஜினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு போனது.

"டப்பாவக் கேட்டீங்களா" என்றாள். "நான் பக்கத்துலதான சார் நின்னேன். கையப் புடிச்சிருந்தது நான்தான். ஏழு மாசமா இதே ஊர்லதான் இருக்கேன். பஸ் ஸ்டாப்புல ரெண்டு தரம் என்னப் பாத்துட்டு ரோட்டக் கடந்து போனீங்க. நானும் துக்கத்துல இருக்க மனுசன், விட்டுருவோம்னு விட்டேன். வந்து கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன்."

அவன் வாயைத் திறந்தான். ஏழு மாதமாக உலகத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி. "என்ன சொன்னா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி பேப்பரச் சொல்லுதாங்கன்னுதான் நான் நெனச்சேன். அதான் பேப்பர நீட்டும்போது உங்ககிட்ட அதையே சொன்னேன். நீங்க கேக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மாஸ்க்க லேசா தள்ளிவிட்டுட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. 'சிஸ்டர், அவரு வாசிக்காமலே கையெழுத்துப் போட்ருவாரு. ஒருக்கா வாசிச்சிட்டுப் போடச் சொல்லுங்க.'"